இடப்பக்கத்து இரைச்சல்

எனக்கு இடது காது கேட்காது. இந்த ஒரு வரியை எழுத ஐம்பது வயது தாண்ட வேண்டியிருந்தது.

இலங்கை மலைநாட்டில், ஹல்துமுல்லைக்குக் கீழே உள்ள தேயிலைத் தோட்டம் ஒன்றில் பிறந்தவன் நான். ஒன்பது வயதில் காதில் சீழ் பிடித்து இரண்டு மாதம் எங்கள் லயத்து வீட்டுக்குள்ளேயே கிடந்தேன். தோட்டத்து டிஸ்பென்சரியில் கொடுத்த சொட்டு மருந்து முடிந்தபோது வலி போயிருந்தது. கேட்கும் சக்தியும் அதோடு போய்விட்டது. அது அம்மாவுக்கு மட்டும்தான் தெரியும்.

"வெளிய சொல்லாதடா. செவிடன்னு பேரு வச்சிருவானுங்க. அப்புறம் அந்தப் பேரு போகாது" என்றாள்.

நான் சொல்லவில்லை. பஸ்ஸில் எப்போதும் இடப்பக்க ஜன்னலோரமாக உட்காருவேன், பேசுகிறவர் வலப்பக்கம் வரட்டும் என்று. யாராவது இடப்பக்கமிருந்து கூப்பிட்டு நான் திரும்பாமல் போனால், யோசனையில் இருந்ததாகச் சொல்லிச் சிரிப்பேன். சிரித்துச் சிரித்தே யோசனைக்காரன் என்று பெயரெடுத்தேன்.

இப்படிப்பட்டவன் பாட்டுத் தொழிலுக்கு வந்ததுதான் வேடிக்கை. தொண்ணூறுகளின் நடுவில் பதுளை பஸ் நிலையத்துக்குப் பின்னால் சின்னதாக ஒரு ரெக்கோடிங் பார் வைத்திருந்தேன். வேண்டிய பாட்டுகளைத் தாளில் எழுதித் தந்தால் கசட்டில் பதிந்து கொடுக்கும் கடை. பதிவு மெஷினின் முகப்பில் இரண்டு முள்கள் துள்ளும். இடப்பக்கத்து ஒலிக்கு ஒன்று, வலப்பக்கத்துக்கு ஒன்று. வலப்பக்கத்தை நான் காதால் கேட்டேன். இடப்பக்கத்தைக் கண்ணால் பார்த்தேன். எந்தப் பிழையும் வரவில்லை.

வலது காது உண்மையிலேயே கூர்மைதான். டேப் ஒரு மயிரிழை மெதுவாக ஓடினாலும் கண்டுபிடித்துவிடுவேன். லுணுகலையிலிருந்தெல்லாம் ஆட்கள் பட்டியலோடு வருவார்கள். "அவருக்குப் பாம்புக் காதுங்க" என்று ஒருவர் மற்றவரிடம் சொல்வது என் காதில் விழும். நான் மறுக்கவில்லை. பாதி உண்மை என்பதால் மறுக்காமல் இருப்பது சுலபமாக இருந்தது.

அந்தப் பெயரை நம்பித்தான் சேர் என்னிடம் வந்தார்.

அவர் ஓய்வுபெற்ற பௌதிகவியல் ஆசிரியர்; ஊருக்கே அவர் 'சேர்'தான். யாழ்ப்பாணத்திலிருந்து இளவயதில் பதுளைக்குப் படிப்பிக்க வந்து, இங்கேயே தங்கிவிட்டவர். மேட்டில் ஒரு வீட்டின் மேல்மாடியில் அவரும் மனைவியும் மட்டும் இருந்தார்கள்; மகள் வெளிநாட்டில். இசைத்தட்டுகள் ஓர் அலுமாரி நிறைய வைத்திருந்தார். நல்ல ஸ்பீக்கர்களும் இருந்தன. ஆனால் போர் நடந்த அந்த வருடங்களில் தமிழ்ப் பாட்டைத் தெருவுக்குக் கேட்கும்படி வைக்க அவர் விரும்பவில்லை. யாரும் எதுவும் சொன்னதாக இல்லை. அவராகவே ஒலியைக் குறைத்துக் குறைத்து, கடைசியில் ஸ்பீக்கரோடு காதை ஒட்டிவைத்துக் கேட்கும் நிலைக்கு வந்திருந்தார். அதனால்தான் ஹெட்போன்.

லண்டனில் இருந்த அவருடைய தம்பி விடுமுறைக்கு வந்தபோது இரண்டு ஹெட்போன்களைக் கொண்டுவந்திருந்தார். ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதைத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று லண்டன் கடைக்காரரோடு பேச்சு. தம்பி வியாழக்கிழமை கிளம்புகிறார். சேர் செவ்வாய்க்கிழமை என் கடைக்கு வந்தார்.

"தம்பி, ஒரு மணித்தியாலம் கடையைப் பூட்டிப்போட்டு வீட்ட வாரும். உம்மட காது எனக்குத் தேவைப்படுது."

பெருமையாக இருந்தது. கதவைச் சாத்திவிட்டு அவரோடு நடந்தேன், அவருக்கு இடப்பக்கமாக.

இரண்டும் மேசைமேல் இருந்தன. ஒன்று புதியது, கறுப்பு, கைக்குக் கனத்தது. மற்றது ஜப்பானில் செய்த பழையது, தலைப்பட்டியில் தோல் வெடித்திருந்தது. இரண்டுமே பிளேனர் மெக்னெட்டிக் என்று சேர் சொன்னார். நான் முழித்ததைப் பார்த்து, வகுப்பில் போல விளக்கினார்.

"சாதாரண ஹெட்போனுக்குள்ள ஒரு சின்னக் கூம்பு கிடக்கும். நடுவில இருக்கிற கம்பிச் சுருள் தள்ள, கூம்பு ஆடும். இதில கூம்பு இல்லை. பொலித்தீனை விட மெல்லிய ஒரு தாள். அதில கம்பி கோலம் மாதிரி ஓடுது. முன்னுக்கும் பின்னுக்கும் காந்தம். முழுத் தாளும் ஒண்டாய் அசையும். அதுதான் ஒலி இவ்வளவு சுத்தம்."

பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"ரெண்டில ஒண்டில எனக்கொரு சந்தேகம் கிடக்கு. எதில, என்ன சந்தேகம் எண்டு சொல்லமாட்டன். சொன்னால் உம்மட காதும் அதைத்தான் தேடும். எனக்கு அறுபத்தாறு வயசு. என்ர காதை வச்சுத் தீர்ப்புச் சொல்லேலாது. நீர் கேட்டுச் சொல்லும்."

வீணையும் மிருதங்கமும் உள்ள இசைத்தட்டைப் போட்டார். முதலில் புதியதை மாட்டினேன். தெளிவாக இருந்தது, ஆனால் எட்ட நின்று பேசுகிறவரைப் போல. பிறகு பழையது. தந்தியின்மேல் விரல் வழுக்கிப் போவது, விரலின் ஈரம்கூடத் தெரிகிற மாதிரி கேட்டது. என் வாழ்க்கையில் அப்படியொன்றை நான் கேட்டதில்லை. கண்ணை மூடிக்கொண்டேன்.

"இடம், வலம் ரெண்டும் சரியோ?" என்று சேர் கேட்டார்.

அந்த நேரத்தில் நான் செய்யவேண்டியிருந்தது மிகச் சின்னக் காரியம். ஹெட்போனைக் கழற்றி, முன்பின்னாகத் திருப்பி மாட்டியிருந்தால் இடப்பக்கத்து ஒலி என் வலது காதுக்கு வந்திருக்கும். அரை நிமிட வேலை. அது எனக்குத் தோன்றாமலும் இல்லை. கைகூட மேலே போனது. ஆனால் பௌதிகவியல் படிப்பித்தவர் எதிரே இருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். ஏன் திருப்புகிறாய் என்று கேட்பார். கேட்காவிட்டாலும் புரிந்துகொள்வார். மேலே போன கையால் தலைப்பட்டியைச் சரிசெய்தேன்.

"ரெண்டும் ஒரே மாதிரி இருக்குங்க சேர். கொஞ்சங்கூட வித்தியாசம் இல்ல."

"வடிவாய்க் கேட்டுத்தான் சொல்லுறீரோ?"

"ஆமாங்க சேர். பழசையே வச்சுக்கங்க. புதுசு கிட்டக்கூட வராது."

அவர் ஹெட்போனை வாங்கி மேசைமேல் வைத்தார். பிறகு சிரித்தார். "அப்ப பிழை என்ர காதிலதான்" என்றார்.

அந்தச் சிரிப்பு சரியாக இல்லை என்று அப்போதே தெரிந்தது. தெரிந்தும் தேநீரைக் குடித்துவிட்டுக் கடைக்குத் திரும்பினேன். புதியது வியாழக்கிழமை விமானமேறியது.

அதன்பிறகு சேர் கடைப்பக்கம் வரவில்லை. முதல் மாதம் நான் அதைக் கவனிக்கவில்லை. இரண்டாம் மாதம் கவனித்தேன்; போய்ப் பார்க்கவில்லை. நான்காம் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சந்தையில் அவருடைய மனைவியைக் கண்டேன். இரண்டு கையிலும் மரக்கறிப் பைகள். ஒன்றை வாங்கிக்கொண்டு கூட நடந்தேன். சேர் எப்படி இருக்கிறார் என்று கேட்டேன்.

"என்னத்தைச் சொல்ல, தம்பி. இவர் இப்ப பாட்டே கேக்கிறேல்லை. இசைத்தட்டுப் பெட்டிக்கு மேல சீலை போட்டு மூடிப்போட்டார். காதுக்குள்ள இரையுதாம். பெரியாஸ்பத்திரிக்கும் போனவர். காது வயசுக்கு நல்லாய்க் கிடக்கு எண்டு டொக்டர் சொல்லுறார். இவர் நம்பினால்தானே."

பையோடு அவருக்குப் பின்னால் மேட்டில் ஏறினேன்.

சேர் மெலிந்திருந்தார். என்னைக் கண்டதும் எழுந்து வரவேற்றது இன்னும் கஷ்டமாக இருந்தது. "வாரும் தம்பி, இரும்" என்றார். ஒரு பாட்டுக் கேட்கலாமா என்று நான் கேட்டேன். "நீர் கேளும். எனக்கு இனி அது சரிவராது" என்று சொல்லிச் சீலையை எடுத்தார்.

அதே இசைத்தட்டு. ஹெட்போனை எடுத்தேன். அவர் மனைவியிடம் ஏதோ சொல்லத் திரும்பிய நேரத்தில், முன்பின்னாகத் திருப்பி மாட்டிக்கொண்டேன்.

மிருதங்கத்தில் இடக்கை ஒவ்வொரு முறை விழும்போதும், காய்ந்த இலையை யாரோ கசக்குவதுபோல 'கர்' என்றது. மெலிதாக இல்லை. சிறுபிள்ளையும் கண்டுபிடிக்கும். இதைத்தான் அந்த மனிதர் நாலு மாதமாகத் தன் காதின் நோய் என்று நினைத்துக்கொண்டிருந்தார், இதில் பிழையே இல்லை என்று நான் சொன்னதனால்.

அப்போதாவது உண்மையைச் சொன்னேனா? இல்லை.

"சேர், இதுலதான் கோளாறு. உங்க காதுல ஒண்ணுமில்லங்க. இடப்பக்கம் கர்ருங்குது. இப்ப கொஞ்ச நாளாத்தான் வந்திருக்கணும்" என்றேன்.

சேரின் முகம் மலர்ந்தது. "மெய்யாவோ?" என்று கேட்டார், ஒரு மாணவனைப் போல. அந்த முகத்தைப் பார்த்து நானும் சிரித்தேன். தப்பிவிட்டேன் என்றுதான் நினைத்தேன்.

ஆனால் அவருடைய மனைவி சமையலறை வாசலில் நின்றபடி சொன்னார்: "இப்ப வந்ததோ? இல்லைத் தம்பி. நீங்கள் வர முதலே, லண்டனில இருந்து இது வந்த அண்டைக்கே இவர் சொன்னவர், இடப்பக்கம் இரையுது எண்டு. அதுக்குத்தானே உங்களைக் கூட்டி வந்தது."

இசைத்தட்டு சுற்றிக்கொண்டிருந்தது. சேர் என் தலையைப் பார்த்தார். இடம் என்று எழுதியிருந்த பக்கம் என் வலது காதில் இருந்ததை அவர் கவனித்துவிட்டார்.

"எனக்கு இடது காது கேக்காதுங்க சேர்" என்றேன். "சின்ன வயசுலேர்ந்தே."

"எண்டால், அண்டைக்கு..."

"அன்னைக்கு ஒரு பக்கந்தான் கேட்டேன். ரெண்டும் ஒண்ணுன்னு பொய் சொன்னேன்."

அவர் கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் மெதுவாகக் கதிரையில் உட்கார்ந்தார்.

"காது கேளாதது பிழையில்லை. உம்மை நம்பினதாலதானே தம்பி நான் என்னை நம்பாமல் விட்டன். இப்ப நீர் செய்த மாதிரி ஒருக்காத் திருப்பி மாட்டிக்கூடப் பாக்கேல்லை" என்றார்.

அழுகை வந்தது, அழுதால் அவர் ஆறுதல் சொல்லவேண்டி வரும் என்று அடக்கிக்கொண்டேன். "ஒரு தடவ கழட்டிப் பாக்கட்டுங்களா?" என்று மட்டும் கேட்டேன். அவர் அலுமாரியிலிருந்து சின்ன ஸ்க்ரூ ட்ரைவரை எடுத்துத் தந்தார்.

சாப்பாட்டு மேசையில் துணி விரித்து இடப்பக்கத்தைத் திறந்தேன். சேர் டோர்ச் பிடித்தார். உள்ளே இருந்த பழைய ஸ்பொஞ்சு உக்கிப் பொடியாகியிருந்தது. காந்தத்தின் துவாரம் வழியாக அரிசி நுனியளவு துகள் ஒன்று நுழைந்து, அந்த மெல்லிய தாளின்மேல் ஒட்டியிருந்தது. தாள் அசையும்போதெல்லாம் அதுவும் சேர்ந்து அதிர்ந்திருக்கிறது. சேர் தேடித் தந்த கோழிச்சிறகின் நுனியால் தொட்டதும் விழுந்துவிட்டது. மொத்தமே பத்து நிமிடம். அந்தச் செவ்வாய்க்கிழமையே இதைச் செய்து முடித்திருக்கலாம்.

மூடிய பிறகு, அவர் முன்னாலேயே ஹெட்போனைத் திருப்பி மாட்டி இடப்பக்கத்தைக் கேட்டேன். சுத்தமாக இருந்தது. பிறகு அவரிடம் கொடுத்தேன். அவர் ஒரு பக்கம் முழுவதையும் கேட்டார். அவருடைய விரல்கள் முழங்காலில் தாளம் போட்டன. நான் விடைபெறாமலே படியிறங்கினேன்.

சேர் இதை யாரிடமும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் என் கடை பிழைத்திருக்காது. மறுமாதமே பழையபடி வந்து கசட் வாங்கினார், மழையைப் பற்றிப் பேசினார். பிறர் என் காதைப் புகழ்ந்தால் சுவரில் ஒட்டியிருந்த படங்களைப் பார்த்துக்கொண்டிருப்பார். நானும் அந்தப் புகழை மறுக்கவில்லை. அப்படியொரு நாளுக்குப் பிறகும் திருந்தவில்லை என்பதையும் இங்கே எழுதத்தான் வேண்டும்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு கசட் வியாபாரம் படுத்தது. நான் சிடியும் தொலைபேசி அட்டைகளும் விற்றுக்கொண்டிருந்தேன். ஒருநாள் அம்ப்ளிஃபயரில் ஒரு கம்பி அறுந்துவிட்டதென்று சேர் கூப்பிட்டனுப்பினார். பற்றவைத்துக் கொடுத்தேன். மேசைமேல் புதிய ஹெட்போன் ஒன்று இருந்தது, அதுவும் பிளேனர்தான்.

"மகள் கொழும்புக்கு வந்தவள். அவள்தான் மூண்டு நாலைக் கேட்டுப் பாத்து இதைத் தெரிஞ்செடுத்தவள்" என்றார். பிறகு, வீட்டுக்கு வந்தவனுக்குச் செய்யும் மரியாதையாக, "கேட்டுப் பாருமன்" என்று நீட்டினார்.

மாட்டிக்கொண்டேன். பெண் குரல், தம்புராவோடு. நன்றாக இருந்தது. கழற்றி மேசையில் வைத்தேன். எப்படி இருக்கிறது என்று அவர் கேட்பாரென்று கொஞ்சநேரம் நின்றேன். அவர் கேட்கவில்லை. மனைவியிடம் தேநீர் கொண்டுவரச் சொன்னார். நான் அதைச் சுடச்சுடக் குடித்துவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டேன்.