டிரைவரா, பஸ்ஸா?

ஓடிக்கொண்டிருக்கும் மடிக்கணினியைச் சற்றுத் தூக்கி, அடியில் புறங்கையைக் கொடுத்துக் கண்ணை மூடிக்கொள்கிறார் பைறூஸ். உதடு மட்டும் அசைகிறது, எண்ணுகிறார். இருபது வரை எண்ண முடிந்தால் “லேசான காய்ச்சல்.” பத்துக்குள் கையை இழுத்துக்கொண்டால் “கடும் காய்ச்சல்.” வெப்பம் பார்க்கும் கருவியொன்று மேசை லாச்சியில் இருக்கத்தான் செய்கிறது. “அது நம்பர் சொல்லும். நோகுதா எண்டு சொல்லாது” என்பார்.

குருமன்காட்டுக்குப் போகும் வழியில் அவரது வீட்டின் முன்னறைதான் கடை. பெயர்ப்பலகை கிடையாது, எழுத்துகள் உதிர்ந்த பழைய விசைப்பலகை ஒன்று கதவில் ஆணியடித்துத் தொங்குகிறது. வயது நாற்பத்தொன்று. முல்லைத்தீவில் பிறந்தவர். தொண்ணூறில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டுப் புத்தளத்துக்குப் போய்ப் பதின்மூன்று வருடம் வானொலி திருத்தியவர். போர்நிறுத்தத்தில் பாதை திறந்தபின் வவுனியாவுக்கு வந்து கணினியைத் தொட்டார். அதை யாரிடமும் படிக்கவில்லை. திறந்து திறந்து பார்த்தார்.

ஒரு நேரத்தில் ஒரு மாற்றம்தான் செய்வார். செய்ததையெல்லாம் கிழித்த நாட்காட்டித் தாளின் பின்பக்கத்தில் மூன்று நிரல்களில் எழுதுவார்: செய்தது, நடந்தது, ஏன். மூன்றாவது நிரல் பெரும்பாலும் வெறுமையாகவே இருக்கும். அவரைக் கெட்டிக்காரர் என்று சொல்ல, அடிக்கடி கடையில் வந்து உட்கார்ந்திருக்கும் எனக்குத் தயக்கம் உண்டு. தெரியாத காரணத்தை எழுதி அந்த இடத்தை அவர் நிரப்பி நான் கண்டதில்லை; அவ்வளவுதான் சொல்வேன்.

சென்ற மாதம் ஒரு புதன்கிழமை சாரங்கா வந்தாள். பல்கலைக்கழக வளாகத்தில் இறுதியாண்டு மாணவி. திங்கள் காலை பத்து மணிக்குப் பரீட்சகர்கள் முன் தன் ஆய்வை இயக்கிக் காட்ட வேண்டும்: செட்டிகுளப் பக்கத்துக் குளமொன்று மழைக்கு எப்படி நிறைகிறது, நிரம்பி வழிந்து வான் பாய்ந்தால் எந்த வயல் முதலில் மூழ்கும் என்று திரையில் நீர் அசைந்து காட்டும் படம். வளாகத்துக் கணினிகளில் அந்த நீர் அசைய மறுத்தது. ஆகவே பெரியம்மாவின் மகன் விதுசன் கனடாவிலிருந்து வந்து விட்டுப்போன, கணினி விளையாட்டுக்கான மடிக்கணினியில் செய்திருந்தாள். இப்போது குளம் பாதி நிறையும்போது திரை கறுத்துவிடுகிறது. மீண்டு வந்தால், திரையின் டிரைவர் நின்றுவிட்டதாக ஆங்கிலத்தில் ஒரு வரி. திங்கட்கிழமை காட்டாவிட்டால் பட்டம் அடுத்த வருடத்துக்குப் போய்விடும்.

“கடைசியா என்ன செஞ்சனீங்க?”

“ஒண்டும் செய்யேல்லை அண்ணை.”

“எல்லாரும் ஒண்டும் செய்யாமத்தான் கொண்டு வாறீங்க. சும்மா இருக்கிற மெஷினுக்கு விசரா புள்ள?”

டிரைவர் என்பது திரையில் படத்தை வரையும் சில்லுக்குக் கணினியின் கட்டளைகளை விளங்கவைக்கும் சிறு மென்பொருள். பைறூஸுக்கு அந்தச் சொல்லே போதும். “டிரைவர் பிழையா, பஸ் பிழையா, அதத்தான் பாக்கோணும்” என்று தாளை எடுத்தார்.

முதலில் பழைய டிரைவர். பிறகு புதியது. அதை இணையத்திலிருந்து இறக்க வீட்டுத் தொலைபேசி அரை நாள் மாட்டிக்கொண்டது. “உம்மாவோட ரெண்டு வார்த்த கதைக்க ஏலாது. ஊரார் மெஷினுக்கு வைத்தியம், வீட்டு ஃபேன் ரெண்டு மாசமா சுத்தேல்ல” என்றார் உள்ளிருந்து மனைவி ஷிஹானா. மூன்றாவதாகக் கணினியோடு வந்த குறுவட்டிலிருந்த டிரைவர். ஒவ்வொன்றையும் போட்டு முக்கால் மணி நேரம் குளத்தை நிரப்பினார். மூன்று முறையும் குளம் ததும்பி வயலெல்லாம் மூழ்கியது; திரை இமைக்கவில்லை. மூன்று முறையும் சாரங்கா வீட்டுக்குக் கொண்டுபோனாள். மூன்று முறையும் பத்து நிமிடத்தில் கறுத்தது.

“உங்களைக் கண்டா அது நடிக்குது அண்ணை.”

வெள்ளிக்கிழமை பைறூஸ் அவளுடைய வீட்டையே விசாரிக்கத் தொடங்கினார். எந்த மேசை? கீழே துணி இருக்கிறதா? யன்னல் எந்தப் பக்கம்? அம்மா பின்னிப்போட்ட பூத்துணி மேசையில் இருந்தது. அதை எடுக்கச் சொல்லி வீட்டுக்கு அனுப்பினார். எடுத்தும் கறுத்தது. தாளில் “பூத்துணி – இல்லை” என்று எழுதித் தலையைச் சொறிந்தார். இங்கே ஓடுவது அங்கே ஏன் ஓடாது? நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்த எனக்கும் தலை சுற்றியது.

பிற்பகல் அவள் ஐந்தாவது தடவை வந்து, மேசையில் வைத்து மின்கம்பியைச் செருகினாள். பைறூஸின் கை தானாக நீண்டு அதைக் கழற்றியது.

“ஏன் அண்ணை ஒவ்வொரு நாளும் வயரைக் கழட்டுறீங்கள்?”

“கரண்ட நம்பேலுமா புள்ள?”

கடை திறந்த முதல் மாதம், விளக்குகள் ஒருமுறை மங்கிப் பிரகாசித்ததில் பாடசாலை அதிபர் ஒருவரின் கணினி புகைந்துவிட்டது. அன்றிலிருந்து, பற்றரி உள்ள எதையும் அவர் பற்றரியில்தான் சோதிப்பார். பற்றரியில் ஓடும் மடிக்கணினி மின்சாரத்தை மிச்சம் பிடிக்கத் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். சாரங்காவின் வீட்டில் அது எந்நேரமும் மின்சாரத்தில், முழு வேகத்தில் இருந்தது. மூன்று நாட்களாக நோயை மறைத்தது வைத்தியரின் கவனம்தான்.

கம்பியை அவரே செருகினார். பதினோராவது நிமிடம் திரை கறுத்தது. இருவரும் சிரித்துவிட்டார்கள். பிறகு திரையின் மூலையில் ஒரு சிவப்பு அம்புக்குறியைக் கண்டார்.

“இது என்ன?”

“வைரஸ் பாக்கிற சாமான் எண்டு நினைச்சன்.”

விளையாட்டுக்காகச் சில்லின் வேகத்தை அளவுக்கு மேல் கூட்டும் மென்பொருள் அது. விதுசனின் வேலை. “நாப்பது சீற் பஸ்ஸில நூறு பேர ஏத்திப்போட்டுக் கனடாக்குப் போயிட்டார் தம்பி” என்று அழித்தார். மின்சாரத்தில் மறுபடி ஓடவிட்டார். இருபத்தாறாவது நிமிடம் மறுபடி கறுத்தது.

இம்முறை யாரும் சிரிக்கவில்லை. அளவுக்கு மீறிய வேகம் சில்லையே பழுதாக்கிவிட்டதா? அம்புக்குறி போயும் டிரைவர் எதையாவது நினைவில் வைத்திருக்கிறதா? அவருக்குத் தெரியவில்லை. தாளில் மூன்றாவது நிரலில் பேனாவை வைத்தார். ஒரு புள்ளி மட்டும் விழுந்தது.

“பற்றரியில எவ்வளவு நேரம் நிக்கும்?”

“ஒரு மணித்தியாலம் வரும்.”

“காட்ட எவ்வளவு நேரம்?”

“அரை மணித்தியாலம்.”

சார்ஜரைச் சுருட்டித் தன் லாச்சியில் போட்டுப் பூட்டினார். சனி, ஞாயிறு இரண்டு நாளும் அவள் கடைக்கே வந்து, கணினியை அணைத்துவைத்து மின்சாரம் ஏற்றிக்கொண்டு போனாள். “ஆரும் நல்ல மனசில சார்ஜரச் செருகிப்போடுவாங்க. அதான் பயம்” என்றார் என்னிடம்.

திங்கட்கிழமை பதினொரு மணிக்குத் தொலைபேசி அடித்தது. எடுத்தவர் கேட்டுக்கொண்டே எழுந்து நின்றார். ஆய்வைக் காட்டி முடித்தாயிற்று. ஆனால் யாழ்ப்பாணத்திலிருந்து வரவேண்டிய பரீட்சகர் இப்போதுதான் வந்திருக்கிறார். ஓமந்தைச் சோதனைச்சாவடியில் வரிசை நீளமாம். அவருக்கு முதலிலிருந்து காட்ட வேண்டும். பற்றரியில் ஒன்பது வீதம்தான் மிச்சம். சாரங்காவின் குரல் எனக்கே கேட்டது: “அண்ணை, சார்ஜரைக் கொண்டுவாங்கோ, செருகிக்கொண்டே காட்டுறன்!”

“விசரா? முழுசா அணைச்சு வை புள்ள. அணைச்சுப்போட்டுத்தான் ஏத்தோணும். அரை மணித்தியாலம் வேணும். பரீட்சை பாக்கிற சேர்மார் எத்தின பேர்?”

“நாலு பேர்.”

வைத்துவிட்டு லாச்சியைத் திறந்தார். சார்ஜரைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு உள்ளே பார்த்துக் கத்தினார்: “ஷிஹானா, பெரிய பிளாஸ்கில தேத்தண்ணி ஊத்து. பால் வேணாம். கொதிக்கக் கொதிக்க.”

“ஆருக்கு? கொஞ்சம் ஆற்றித் தரட்டா?”

“ஆற்றிப்போடாத! சேர்மார் ஊதி ஊதிக் குடிக்கட்டும்!” என்று சைக்கிளை இழுத்தார். பிளாஸ்க் வந்ததும் மூடியைத் திறந்து ஆவியில் புறங்கையைப் பிடித்தார். இரண்டு எண்ணுவதற்குள் இழுத்துக்கொண்டு, மூடியை இறுக்கித் திருகி, கைபிடியில் தொங்கவிட்டுப் பெடலை மிதித்தார்.