சவப்பெட்டிக்கு முன்னால் சொன்ன சாட்சி

அப்பா மறுபடி குடித்துக்கொண்டிருந்தார் என்பதை, அவரை அடக்கம் செய்த அன்றுதான் தெரிந்துகொண்டேன். ஆவடியை அடுத்த கோவில்பதாகையில் எங்கள் வீட்டு வாசலில் சாமியானா போட்டு, பெட்டியை நடுவில் வைத்திருந்தோம். மைக்கில் அதைச் சொன்னவர் எங்கள் சபையின் பாஸ்டர்.

அப்பா அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு பட்டறையில் லேத் மிஷின் ஓட்டியவர். அவர் பிறந்தது பழைய கிறிஸ்தவக் குடும்பம். அவர்கள் பக்கத்தில் ஆராதனை முடிந்ததும் பெரியவர்கள் கோயில் மதிலோரம் நின்று சிகரெட் பிடிப்பார்கள். கிறிஸ்துமஸ் விருந்தில் ஒயின் இருக்கும். யாரும் அதைப் பாவம் என்று சொன்னதில்லை. ஆனால் அப்பா ஒயினோடு நிற்கவில்லை. நான் பள்ளியில் படித்த காலத்தில், சம்பள நாளன்று அவரை யாராவது தாங்கிப் பிடித்துத்தான் கொண்டுவந்து விடுவார்கள். அந்த வேதனையில்தான் அம்மா இந்தச் சபைக்குப் போக ஆரம்பித்தாள்.

புகையும் குடியும் பாவம், இரண்டையும் விட்டால்தான் ஞானஸ்நானம் என்று பாஸ்டர் கண்டிப்பாகச் சொன்னார். அப்பா விட்டார். எங்கள் வீட்டில் நிம்மதி வந்தது. அதை நான் மறுக்க மாட்டேன்.

அதற்குப் பிறகு சபைக்குப் புதிதாக யார் வந்தாலும், "அண்ணே, உங்க சாட்சியச் சொல்லுங்க" என்று பாஸ்டர் அப்பாவை எழுப்பிவிடுவார். அப்பா கூச்சத்தோடு எழுந்து, தான் எப்படியெல்லாம் விழுந்து கிடந்தார் என்று சொல்வார். சொல்லும்போது கை தன்னாலே, முன்பு சிகரெட் இருந்த சட்டைப் பையைத் தடவும். எனக்குப் பெருமையாக இருக்கும். அப்படி எல்லோர் முன்னாலும் நிறுத்தப்பட்ட மனிதர், மறுபடி தவறினால் யாரிடம் போய்ச் சொல்வார் என்று அப்போது நான் யோசிக்கவில்லை.

அவர் பாஸ்டரிடம்தான் போயிருக்கிறார்.

"அண்ணன் நல்ல மனுஷன். ஆனா பிசாசு அவர விடல," என்றார் பாஸ்டர் மைக்கில். "கொஞ்ச நாளுக்கு முன்னாடி எங்கிட்ட தனியா வந்து அழுதாரு. ஐயா, மறுபடி விழுந்துட்டேன், வீட்ல சொல்லிடாதீங்கன்னாரு. இப்ப எங்க படுத்திருக்காரு பாருங்க. வாலிபப் பிள்ளைகளே, ஒரு கிளாஸ்ல என்ன ஆகிடும்னு கேக்காதீங்க."

மாரடைப்பில் போனவரை அவர் குடியில் போனவராக்கிவிட்டார். தெருவே கேட்டுக்கொண்டிருந்தது. பின்னால் நின்ற லேத் பட்டறை நண்பர் ஒருவர், கொண்டுவந்த மாலையை நாற்காலியில் வைத்துவிட்டு வெளியே போய்விட்டார். தலைமாட்டில் உட்கார்ந்து கைக்குட்டையால் ஈ ஓட்டிக்கொண்டிருந்த அம்மாவின் கை அப்படியே நின்றது.

எல்லோரும் போன பிறகு அம்மா சமையலறையில் தரையில் உட்கார்ந்திருந்தாள். பாஸ்டரைத் திட்டுவாள் என்று நினைத்தேன்.

"குடிச்சத வுடு," என்றாள். "எங்கிட்ட சொல்லாம அந்தாளாண்ட போய் அழுதுகீறாரு பாரு. சொல்லியிருந்தா நான் இன்னா, வெட்டியா போட்ருப்பேன்? இத்தினி வருசம் ஒரே ஊட்ல யார்கூட கீறேன்னே எனக்குத் தெரியல."

எனக்கும் அப்போதுதான் உறைத்தது. சாயங்காலம் நடந்துவிட்டு வருகிறேன் என்று ஆவடிப் பக்கம் போவார். திரும்பும்போது என் மகளுக்கு பிஸ்கட் இருக்கும், அவர் வாயில் ஏலக்காய் இருக்கும். ஜீரணத்துக்கு என்பார். நம்பினேன்.

அடுத்த வாரம் பாஸ்டர் வீட்டுக்குப் போனேன்.

"ஐயா, அப்பா வீட்ல சொல்லாதீங்கன்னு கேட்டாரு இல்ல?"

"நான் பொய் சொல்லலியே மகளே."

"பொய்யின்னு நான் சொல்லல."

"அப்ப குடி பாவமில்லன்றியா? கல்யாண வீட்ல இயேசுவே திராட்சரசம் குடுத்தாருன்னு உங்கப்பா குடும்பத்துல பேசுவாங்களே, அதப் பேச வந்தியா?"

"அத நீங்களும் அவங்களும் பேசித் தீத்துக்கங்க. நம்பிச் சொன்னத பொணத்துக்கு முன்னாடி மைக்ல சொல்லலாமான்னுதான் கேக்கறேன்."

"ஆத்துமாக்களுக்காகச் சொன்னேன்," என்றார். அவர் முகத்தில் வருத்தம் இருந்ததா என்று தேடினேன். நான் எழுந்து போனால் நல்லது என்ற அவசரம்தான் தெரிந்தது.

ஒரு மாதம் கழித்து அவரே வீட்டுக்கு வந்தார். அம்மா உட்காரச் சொன்னாள். டீ போட்டுக் கொடுத்தாள். அவர் வேதத்தைத் திறந்தபோது, "டீ குடிச்சிட்டுப் போங்கய்யா. ஜெபம் வாணாம்," என்றாள். குரலில் கோபமே இல்லை.

இப்போது அம்மா, அப்பாவின் பழைய சபைக்குப் போகிறாள். அங்கே மதிலோரம் புகை நாறுகிறது என்று முணுமுணுத்துக்கொண்டேதான் போகிறாள். அப்பாமேல் இருக்கும் கோபம் அவளுக்குத் தீரவில்லை. எனக்கும்தான். யாராவது அன்பாக, "உங்களுக்காக எதுக்கு ஜெபிக்கணும்?" என்று கேட்டால், "பொதுவா ஜெபிங்க" என்று சொல்லிவிடுகிறேன்.