ஒரு பை வாடிய பூவுடன் லிட்டில் இந்தியாவுக்கும் கிளமெண்டிக்கும்

நீலத் தொட்டியின் வாயிலிருந்து ஒரு முழம் மல்லிகைச் சரம் வெளியே தொங்கிக்கொண்டிருந்தது. போன திங்கட்கிழமை காலை வேலைக்குக் கிளம்பிக் கீழே இறங்கியபோது அதைத்தான் முதலில் பார்த்தேன். தொட்டியின் மேல் ஒட்டியிருந்த அறிவிப்பு அதற்குப் பிறகுதான் கண்ணில் பட்டது.

எங்கள் அடுக்குமாடி புளோக் புக்கிட் பாத்தோக்கில் இருக்கிறது. நீலத் தொட்டி மறுபயனீட்டுக்கானது. காகிதம், அட்டைப்பெட்டி, கழுவிய போத்தல், டின் போன்றவற்றைத்தான் அதில் போட வேண்டும். ஈரமான பூவும் இலையும் விழுவதால் காகிதம் நனைந்து கெட்டுப்போகிறது, கடைசியில் மொத்தத்தையும் எரிக்க வேண்டியிருக்கிறது என்று அறிவிப்பு சொன்னது. இப்படியே நடந்தால் தொட்டியைக் கார் நிறுத்துமிடத்தின் அந்தக் கோடிக்கு மாற்றிவிடுவார்களாம். சனிக்கிழமை மாலை புளோக்கின் கீழ்த்தளத் திறந்தவெளியான வாய்ட் டெக்கில் கூட்டம். புளோக் வாட்ஸ்அப் குழுவில் அதற்குள் மல்லிகையின் படம் வந்துவிட்டது. "யார் வீட்டுப் பூ?" என்று ஒருவர் கேட்டிருந்தார். அதற்குக் கீழே நிறையச் சிரிக்கும் முகங்கள்.

யார் வீட்டுப் பூ என்று எனக்குத் தெரியும். ஏழாவது மாடி கமலா ஆன்ட்டி வீட்டுப் பூ. சாமி படத்துக்குப் போட்ட மாலையைக் குப்பைக் குழாயில் தள்ள அவருக்கு மனம் வராது. மீன் முள்ளும் டயப்பரும் போகிற குழாய் அது. நீலத் தொட்டியில் சுத்தமான பொருள்களை மட்டும் போடவும் என்று எழுதியிருக்கிறது. சாமி பூவைவிடச் சுத்தமானது எது என்பது அவர் எண்ணம். தப்புதான், ஆனால் அந்தத் தப்பு எனக்குப் புரிந்தது.

நான் உயர்நிலை மூன்றோடு பள்ளியை விட்டுவிட்டுக் கறிபஃப் கடையில் வேலை செய்கிறேன். அந்த வருடம் லிஃப்டில் பார்த்தவர்கள் எல்லாரும் காரணம் கேட்டார்கள். எதுவும் கேட்காமல் ஒரு டப்பா நிறையப் பணியாரம் கொடுத்தவர் கமலா ஆன்ட்டி ஒருவர்தான். சனிக்கிழமை அத்தனை பேர் முன்னால் அவர் கூனிக் குறுகி நிற்கக்கூடாது. பூ போய்ச் சேர வேறு இடம் ஒன்று இருந்தால் பிரச்சினை முடிந்துவிடும் என்று நினைத்தேன். புதன்கிழமை எனக்கு விடுமுறை. பயணம் அப்படித்தான் முடிவானது.

புறப்படும் முன் அவர் வீட்டுக் கதவைத் தட்டினேன்.

"ஆன்ட்டி, வாடின பூ இருந்தா எங்கிட்ட குடுங்க."

"எதுக்குப் பாப்பா? தலைல வெச்சுக்கப் போறியா?"

"லிட்டில் இந்தியாவுல யாராச்சும் வாங்கிக்குவாங்களான்னு பாக்கறேன்."

"வாடினதையா? பைத்தியமா லா நீ!" சொல்லிக்கொண்டே ஒரு துணிப்பை நிறையக் கொண்டுவந்து கொடுத்தார். அவரும் அறிவிப்பைப் பார்த்திருந்தார்.

புக்கிட் பாத்தோக்கில் ரயில் ஏறி, அடுத்த நிலையமான ஜூரோங் ஈஸ்ட்டில் பச்சைத் தடத்துக்கு மாறினேன். பிறகு அவுட்ரம் பார்க்கில் ஊதாத் தடம். மொத்தம் ஏறத்தாழ ஐம்பது நிமிடம், கட்டணம் இரண்டு வெள்ளிக்குச் சற்று மேல். எம்ஆர்டி ரயிலில் டுரியான் பழத்துக்குத்தான் தடை, வாடிய சாமந்திக்கு இல்லை. இருந்தாலும் என் பக்கத்து இருக்கையில் கடைசிவரை யாரும் உட்காரவில்லை. கூச்ச சுபாவம் உள்ளவர்களுக்கு இது ஒரு வசதி.

லிட்டில் இந்தியாவில் முதலில் ஒரு கோயில் அலுவலகத்தில் கேட்டேன். கேட்டேன் என்று சுலபமாக எழுதிவிட்டேன், வாசலில் செருப்பைக் கழற்றி மாட்டி மறுபடி கழற்றிய பிறகுதான் உள்ளே போனேன். அங்கிருந்தவர் அன்பாகத்தான் பேசினார். "எங்க பூவ அள்ளவே நேரம் பத்தல மா. எல்லாரும் வீட்டுப் பூவையும் கொண்டாந்தா எங்க போறது?" அவர் சொன்னதும் நியாயம்தான்.

அடுத்தது பஃபலோ ரோட்டில் ஒரு பூக்கடை. கடைக்கார அண்ணன் மாலை கட்டிக்கொண்டே என் பையை எட்டிப் பார்த்தார்.

"ரிட்டர்னா? பூவைத் திருப்பிக் குடுக்க வந்த மொத ஆளு நீதான் மா."

"திருப்பிக் குடுக்க இல்லண்ணே. இத எங்க போடலாம்னு..."

"எங்க கடைல மிஞ்சறது சாமிக்குப் போடாத பூ. பிளாஸ்டிக் பைல கட்டிப் போட்டுருவோம், அதுல பாவம் இல்ல. சாமிக்குப் போட்டது கஷ்டம்தான்." கொஞ்சம் யோசித்துவிட்டு, "கிளமெண்டிலேருந்து ஒருத்தவங்க வருவாங்க. ஸ்டெல்லான்னு பேரு. உரம் போட மிச்சப் பூவ அள்ளிட்டுப் போவாங்க. இரு, கேக்கறேன்" என்று போனை எடுத்தார். "ஹலோ, ஸ்டெல்லா? உனக்கு ஆள் சிக்கிருச்சு!"

பேசி முடித்ததும் ஸ்டெல்லாவின் தோட்டத்துக்கு வழி எழுதிக் கொடுத்தார். பசிக்கிறதா என்று அவர் கேட்கவில்லை, ஆனால் எனக்குப் பசித்தது. எதிரே இருக்கும் தேக்கா சந்தையில் இரண்டு தோசை சாப்பிட்டுவிட்டு வந்த வழியே திரும்பினேன். கிளமெண்டி அதே பச்சைத் தடத்தில்தான் இருக்கிறது. காலையில் அதைத் தாண்டித்தான் போயிருக்கிறேன். நிலையத்திலிருந்து பத்து நிமிட நடை. இரண்டு புளோக்குகளுக்கு நடுவே கம்பிவேலி போட்ட சமூகத் தோட்டம். வெண்டை, பண்டான், கறிவேப்பிலை, மூலையில் மூடி போட்ட மூன்று உரப்பெட்டிகள்.

ஸ்டெல்லா அக்காவுக்கு நாற்பது வயதுக்கு மேல் இருக்கும். பையைத் திறந்ததும் ஒரு மாலையைத் தூக்கிப் பிடித்தார்.

"இது என்னா?"

"மாலை."

"அது தெரியுது. நைலான் நூலு, ஜிகினா, கம்பி. இதோட போட்டா மண்புழு என்ன, மாலை மாத்திக்குமா?"

சிரித்துவிட்டேன். இருவரும் உட்கார்ந்து பிரிக்க ஆரம்பித்தோம். பூ ஒரு பக்கம், நூல் ஒரு பக்கம். அவர் தன் தேவாலயத்துப் பீடப் பூக்களையும் இங்கேதான் கொண்டுவருகிறார். "பலிபீடத்துல வெச்சத நாங்க மட்டும் குப்பைல போடுவோமா? எங்க பூவுல நூல் இல்ல, ஆனா அதச் சொருகற பச்ச ஸ்பாஞ்ச் இருக்கே, அது மக்கவே மக்காது. நானும் ஃபாதர்கிட்ட சொல்லிச் சொல்லி வாய் வலிக்குது லா." அவருக்கும் ஒரு கவலை இருந்தது. நாற்றம் வருகிறது என்று எதிர் புளோக்கில் ஒருமுறை புகார் கொடுத்திருக்கிறார்கள். அதனால் காய்ந்த இலையோடு கலந்துதான் பூவைப் போடுகிறார். எங்கள் புளோக்கிலிருந்து வாரம் ஒரு வாளி வாங்கிக்கொள்வதாகவும் அதற்கு மேல் முடியாது என்றும் சொன்னார். "ஒரே ஆள் கொண்டுவரணும். ஆளாளுக்கு வந்து வாசல்ல வெச்சிட்டு ஓடக்கூடாது."

இதே போல் போக நினைப்பவர்களுக்குச் சில குறிப்புகள். கூட்டம் வந்துவிடும் என்று ஸ்டெல்லா அக்கா பயப்படுவதால் தோட்டத்தின் முகவரியை இங்கே போடவில்லை. உங்கள் வட்டாரத்திலேயே ஒரு சமூகத் தோட்டம் இருக்கலாம், முதலில் அங்கே கேளுங்கள். நூலை வீட்டிலேயே பிரித்துவிடுங்கள். பூ வாங்கும்போதே ஜிகினா இல்லாமல், பருத்தி நூலில் கட்டியதாகக் கேளுங்கள். பிளாஸ்டிக் பை வேண்டாம், பூ வேர்த்துப்போய் நாறும், துணிப்பைதான் சரி. காலையில் அலுவலகக் கூட்டம் குறைந்த பிறகு கிளம்புங்கள். இங்கே எரித்த குப்பையின் சாம்பல் எல்லாம் செமக்காவ் தீவுக்குத்தான் போகிறது. தீவு எவ்வளவுதான் தாங்கும்? ஒரு பை பூவால் பெரிதாக ஒன்றும் மாறிவிடாது. ஆனால் நனையாத காகிதம் எரியாமல் தப்பிக்குமே.

சனிக்கிழமை வாய்ட் டெக்கில் நாற்காலிகள் நிரம்பியிருந்தன. ஸ்டெல்லா அக்கா சொன்னதை முதல் நாளே குடியிருப்பாளர் குழுவின் ஃபரீதாவுக்கு வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்பியிருந்தேன். நேரில் சொல்ல எனக்கு வராது. அவர் அதைப் பற்றிப் பேசத் தொடங்குவதற்குள் பின்வரிசையில் ஒருவர், யார் பூவைப் போடுவது என்று முதலில் தெரிய வேண்டும் என்றார். யார் பக்கமும் பார்க்காமல் தரையைப் பார்த்தேன்.

"நாந்தான்" என்று கமலா ஆன்ட்டி எழுந்துவிட்டார். "சாமிப் பூவ அந்தக் குழாய்ல போட எனக்கு மனசு வரல. பேப்பர் நனையும்னு மொதல்ல தெரியாது. சாரி."

யாரும் சிரிக்கவில்லை. நான்காவது மாடி ராஜு அங்கிள் தொண்டையைச் செருமினார். "எங்க வீட்லயும் அங்கதான் போடறோம்." மூன்றாவது வரிசையில் இன்னொரு கை மெதுவாக உயர்ந்தது. தன் அம்மா ஊதுவத்திச் சாம்பலைக்கூட அதில்தான் கொட்டுகிறார் என்று ஒரு சீன இளைஞர் சொன்னதும் எல்லாரும் சேர்ந்து சிரித்தார்கள். ஆன்ட்டியும் சிரித்தபடி உட்கார்ந்தார்.

பிறகு ஃபரீதா கிளமெண்டித் தோட்டத்தைப் பற்றிச் சொன்னார். சைக்கிள் நிறுத்துமிடத்துக்குப் பக்கத்தில் மூடி போட்ட வாளி ஒன்று வைக்கலாம். ஆனால் வாராவாரம் அதைக் கொண்டுபோக ஒரே ஆள் வேண்டும். ஆள் இல்லாவிட்டால் வாளியும் கிடையாது, நீலத் தொட்டியும் இடம் மாறும்.

யார் என்று கேட்டார். எல்லாரும் போனைப் பார்த்தார்கள். கமலா ஆன்ட்டி முழங்காலைத் தடவிக்கொண்டே எழப் பார்த்தார்.

நான் கையைத் தூக்கினேன். ஃபரீதா வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். எழுந்து நின்றேன்.