கோட்டைக்கு ஒரு மடை

நீடாமங்கலத்துக்குப் பக்கத்தில், வயலை மனையாக்கி விற்ற ஒரு நகரில் நாங்கள் வீடு கட்டிய வருடம் அது. கணவர் ஷார்ஜாவில். நானும் மகளும் இங்கே. கொத்தனாரோடு மல்லுக்கட்டுவது என் வேலை.

லீவில் வந்தபோது அவர் லேப்டாப்பில் ஒரு விளையாட்டை ஏற்றிக் கொடுத்திருந்தார். காட்டில் கொஞ்சம் பேரைக் குடியேற்றி, பயிர் வைத்து, வீடு கட்டி வாழவைக்க வேண்டும். அவ்வப்போது கொள்ளைக்கூட்டம் வரும், அதற்குக் கோட்டை கட்ட வேண்டும். ஒரே ஊரை அவர் கொஞ்ச நாள் ஆள்வார், பிறகு எனக்கு மெயிலில் அனுப்புவார். எங்கள் குடித்தனம் பாதி அதில்தான் நடந்தது!

ஒரு வெள்ளிக்கிழமை ஸ்கைப்பில் வந்தவர் முகமே சரியில்லை. ஈ எறும்பு நுழையாதபடி மூன்று அடுக்குச் சுவர் எழுப்பியிருந்தாராம். வழி கிடைக்காத கொள்ளையர்கள் நெற்களஞ்சியத்துப் பக்கச் சுவரையே இடித்து உள்ளே புகுந்து, ஊரையே கொளுத்திவிட்டார்கள்.

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "மடை வைக்காம வரப்பு போட்டா தண்ணி என்னங்க செய்யும்? அதுக்குப் பிடிச்ச இடத்துல உடைச்சுக்கிட்டுப் போகும். நீங்களும் இந்த ஊர்லதானே பொறந்தீங்க?"

கூட்டம் வருவதற்கு முன் அவர் சேமித்து வைத்திருந்த ஊரை மெயிலில் வாங்கி, அங்கிருந்து மறுபடி ஆரம்பித்தேன். சுவரில் ஒரே ஒரு இடத்தைத் திறந்துவிட்டேன். அங்கிருந்து உள்ளே குறுகலாக ஒரு சந்து, வழியெல்லாம் பொறி, இருபுறமும் வில்லாளிகள். வந்தவர்கள் சொல்லிவைத்தாற்போல் அந்தச் சந்துக்குள்ளேயே போனார்கள். எங்கள் ஆட்களில் ஒருவருக்கும் கீறல் இல்லை.

"அடி ராட்சசி!" என்றார்.

அந்தச் சூட்டோடு கேட்டுவிட்டேன். பின்னால் இருக்கும் மேட்டு வயல் தண்ணீர் எங்கள் மனை வழியாகத்தான் தெரு வடிகாலுக்குப் போகும். நாங்கள் கட்டவிருந்த காம்பவுண்டு சுவரில் பின்னாலும் முன்னாலும் அடியில் திறப்பு விட வேண்டும் என்றேன். உடனே அவர் குரல் மாறிவிட்டது.

"திருடனுக்கு வழி விடச் சொல்றியா?"

"திருடனுக்குத்தான் இரும்புக் கம்பி போடுறேனே. வழி தண்ணிக்கு."

"நான் அங்க இல்லையே... அதான் பயமா இருக்கு" என்றார்.

ஆனாலும் நான் விடவில்லை. "கோட்டை என் பொறுப்பு. நீங்க நிம்மதியா வேலையைப் பாருங்க" என்றேன். சரி என்றார்.

அந்த ஐப்பசியில் மழை கொட்டித் தீர்த்தது. ஒருநாள் மத்தியானம் மேட்டு வயல் வரப்பெல்லாம் முங்கி, வெள்ளம் எங்கள் பக்கம் திரும்பியது. திறப்பே விடாத பக்கத்து வீட்டுச் சுவர் தடாலென்று சாய்ந்து, தண்ணீர் அவர்கள் அடுப்படிவரை போய்விட்டது. நல்லவேளை, யாருக்கும் அடியில்லை. அவர்களை எங்கள் வீட்டுக்கு அழைத்து வந்து உலை வைத்தேன். எங்கள் கொல்லையில் புகுந்த தண்ணீரோ வாசல் பக்கத் திறப்பு வழியாக மரியாதையாக வெளியேறியது. போகிற போக்கில் மகளின் ஒற்றைச் செருப்பை மட்டும் கொண்டுபோனது.

அவர் பதறிப்போய் ஷார்ஜாவிலிருந்து போன் செய்தார். "சுவர் நிக்குதா?"

"நிக்குது. உங்க எதிரி வரிசையா வந்து, வரிசையா போயிட்டான்."

சிரித்தார். சிரிப்பு நடுவிலேயே அழுகையானது. நானும் அழுதேன்.

இப்போதும் பெருமழை என்றால் ஷார்ஜாவிலிருந்து போன் வரும். சுவரைப் பற்றி ஒரு வார்த்தை கேட்க மாட்டார், "கோட்டைத் தலைவி சாப்பிட்டாச்சா?" என்பார். அவர் சம்பாத்தியத்தில் எழும்பிய அத்தனை செங்கல்லையும்விட, பயத்தை விழுங்கிக்கொண்டு என்னை நம்பி அவர் விட்ட அந்த ஒரு வழிதான் எனக்கு இன்றும் பெரிய காவலாகத் தெரிகிறது.