மூன்று குருவித் தோரணம்

குருத்தோலை கிழிகிற சத்தம் கேட்டால் இன்றைக்கும் நடக்கிற இடத்திலேயே நின்றுவிடுகிறேன். சர்ர்ரென்று ஒரு நீளம், பிறகு ஒரு மௌனம், பிறகு மறுபடி சர்ர்ர். அந்த மௌனத்தில்தான் என் சின்னம்மாவின் விரல்கள் மடிக்கும்.

வட்டுக்கோட்டையில், மிஷன் ஊழியத்துக்கு வந்த வெள்ளைக்கார மிசியம்மாவின் பங்களாவில் சின்னம்மா பெண்பிள்ளைகளுக்குத் தையல் பழக்கினார். எட்டு வயதில் நான் அவருடைய வால். எங்கள் ஊர் வெக்கையில், அந்தப் பங்களாக் கூடத்தில், குளிர்காய்வதற்கென்று சுவருக்குள் ஓர் அடுப்பு! முந்தி இருந்த யாரோ ஒரு துரை தன் ஊர் நினைவில் கட்டிவிட்டுப் போனது. ஒருநாளும் நெருப்பைக் காணாத அதற்குள் ஒரு கோழி முட்டையிட்டு வந்தது. ஆனால் அந்த அடுப்பின் தலைக்கு மேலிருந்த முதிரைப் பலகைத் தட்டுக்கு வருடத்தில் ஒருமுறை ராசயோகம். நத்தாருக்கு, யேசு பிறந்த பெருநாளுக்கு, மிசியம்மாவின் தமையன் கடல் கடந்து ஒரு பெட்டி அனுப்புவார். கண்ணாடிக் குண்டுகளும் வெள்ளிச் சரிகையும் தட்டில் ஏறும். அதைப் பார்க்கவே பிள்ளைகள் நாங்கள் பாட்டுப் பாடப் போவோம்.

அந்த வருடம் பெட்டி வரவில்லை. கறுப்புக் கரை போட்ட ஒரு கடிதம்தான் வந்தது. கரை வடிவாயிருந்தது, தட்டில் வைக்க அந்த உறையைத் தரச்சொல்லிக் கேட்டேன். சின்னம்மா என் கையில் ஒன்று போட்டார்.

"பெட்டி இல்லாட்டில் என்ன? எங்கடை வளவிலை இல்லாததோ?"

வீட்டைச் சுற்றியிருந்த வளவே எழுந்து வந்து தட்டில் ஏறியது. இலவம் பஞ்சைப் பலகை நீளத்துக்குப் பரப்பினார். நான் கண்டிராத பனி, அவரும் கண்டிராத பனி. ஓரத்தில் உருகி வழிவதுபோல் அதை இழுத்துவிட அவருக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்? தேயிலைப் பெட்டியின் ஈயத்தாள் நட்சத்திரமாயிற்று. கொப்பில் ஒட்டிய குன்றிமணிகள் சிவந்த கனிகளாயின. சிரட்டைக்குள் மெழுகுதிரி நின்றது. மொத்தச் செலவு ஒரு கிண்ணம் கஞ்சிப் பசை. நான் வாய் பிளந்து நின்றேன்.

கடைசியாகத் தோரணம். பலகை விளிம்பு முழுக்க, கீற்றுக்கு நாலு ஓலைக் குருவி, தலை மேலே. ஆனால் இடப்பக்க மூலையில், சுவரில் தொங்கிய மிசியம்மாவின் தமையனுடைய படத்துக்குக் கீழே மட்டும், ஒரே ஒரு கீற்று: மூன்று குருவி, தலை கீழே. எங்கள் ஊரில் பால்குடி மறந்த பிள்ளைக்கும் தெரியும், நாலு நல்ல காரியத்துக்கு, மூன்று செத்த வீட்டுக்கு.

குசினிக்காரர் கண்டுவிட்டார். "என்ன தங்கச்சி, பெருநாள் வீட்டிலை செத்த வீட்டுத் தோரணமே? மிசியம்மா கண்டால் நாளையிலை இருந்து நீர் வீட்டிலைதான் தைக்கோணும்."

"நீங்கள் உங்கடை கறியைப் பாருங்கோ. அடிப்பிடிக்குது."

சின்னம்மாவின் ஊசியில்தான் எங்கள் வீட்டு அடுப்பு எரிந்தது. அவர் அங்கால் திரும்பியதும் முக்காலியில் ஏறி அந்தக் கீற்றில் கை வைத்தேன். மிசியம்மா வந்துவிட்டார்.

எத்தனையோ வருடமாக எங்கள் ஊர்க் கலியாணத்துக்கும் செத்த வீட்டுக்கும் போய் வருபவர். விரலால் தொட்டு எண்ணினார். "ஒண்டு. ரெண்டு. மூண்டு." விரல் அங்கேயே நின்றது.

"நான்தான் பின்னினனான், மிசியம்மா. பிழைச்சுப் போச்சு. சின்னம்மாவை நிப்பாட்டிப் போடாதேங்கோ."

அவர் என்னைப் பார்க்கவில்லை. வாசலில் வந்து நின்ற சின்னம்மாவைப் பார்த்தார். பிறகு மிசியம்மா, கலையாத பஞ்சை மெல்லச் சரிசெய்தார்.

பின்னேரம் பாடினோம். மிசியம்மா சிரித்துக்கொண்டே இருந்தார்.

தமையன் இறந்துபோனதை, பிள்ளைகளின் பெருநாள் குழம்பக்கூடாதென்று அவர் ஒருவருக்கும் சொல்லவில்லை. அந்தக் கடிதத்தைச் சின்னம்மாவிடம் மட்டும் காட்டியிருக்கிறார். உட்கார்ந்து அழ ஒரு செத்த வீடு இல்லாதவருக்கு, சின்னம்மா ஒரு சாண் ஓலையில் அதைக் கட்டிக் கொடுத்திருக்கிறார். கறுப்புக் கரைக்கு அர்த்தம் தெரிந்த வயதில்தான் இதெல்லாம் எனக்குப் பிடிபட்டது. அன்று எனக்குத் தெரிந்ததெல்லாம் பிழையைத் திருத்தவேண்டும் என்பதுதான்.

வீட்டுக்குப் புறப்படும்போது படலையடியில் சொன்னேன்: "நாளைக்கு வந்து நாலு குருவியாய் மாத்திவிடுறன், மிசியம்மா."

கேக் துண்டை என் கையில் வைத்து விரல்களை மூடினார்.

"வேண்டாம், பிள்ளை. அது காயும் வரைக்கும் இருக்கட்டும்."