எண்ணெய்க் கையோடு ஒரு தொண்டர் படை

தொண்டு என்ற சொல்லைக் கேட்டாலே எனக்குக் குமட்டிய காலம் ஒன்று உண்டு. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் தென்காசியில் ஒரு பெண்கள் பள்ளியில் தையல் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தேன். ஒரு வருஷம் சாரல் தொடங்கும் முன் ஊர்ப் பெரிய வீட்டுப் பெண்கள் கூடி, குற்றாலத்துக்குக் குளிக்க வரும் பெண்களுக்கு உதவ ஒரு தொண்டர் படை அமைத்தார்கள். முதல் கூட்டம் முழுவதும் சேலைக்கு எந்த நிறத்தில் கரை என்பதிலேயே போயிற்று. அடுத்த கூட்டத்தில் படையின் அடையாளமான பித்தளை வில்லையை எந்தத் தோளில் குத்துவது என்று பேசினார்கள். அருவிக்கரையில் என்ன வேலை செய்வது என்ற பேச்சு மூன்றாவது கூட்டத்தில்தான் எழுந்தது. அதற்குள் வடை வந்துவிட்டது. தலைமையாசிரியை அனுப்பினாரே என்று நானும் ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தேன்.

அருவிக்கு வருகிறவர்கள் உச்சந்தலை முதல் உள்ளங்கால் வரை எண்ணெய் தேய்த்துக்கொண்டுதான் தண்ணீருக்குள் போவார்கள். அந்த எண்ணெய் பெண்கள் பக்கத்துப் பாறையில் படிந்து, பாசியோடு சேர்ந்து, கால் வைத்தவரை வாரிவிடும். தினமும் விடிந்ததும் அதைத் தேய்த்துக் கழுவ ஒருத்தி வேண்டும் என்றதும் எல்லோரும் கூரையைப் பார்த்தார்கள். பிறகு என்னைப் பார்த்தார்கள். அந்தக் கூட்டத்தில் சொந்த வில்வண்டி இல்லாதவள் நான் மட்டும்தான்.

தேங்காய்க் கதம்பையும் அடுப்புச் சாம்பலும் கொண்டு தேய்த்தேன். தேய்த்த நேரமெல்லாம் மனசுக்குள் அவர்களை ஒவ்வொருத்தியாகத் திட்டினேன். நான்காம் நாளோ ஐந்தாம் நாளோ, நான் தேய்த்துவிட்டு எழுந்த இடத்தில் ஒரு பிள்ளைத்தாய்ச்சி காலடியைக்கூடப் பார்க்காமல் பேசிக்கொண்டே நடந்து போனாள். எனக்கு அப்படியொரு சந்தோஷம் வந்தது. வெட்கமாகவும் இருந்தது. இந்தக் கும்பலோடு சேர்ந்து செய்கிற வேலையில் போய் மகிழ்ச்சியா என்று என்னையே கடிந்துகொண்டேன். மறுநாள் இன்னும் சீக்கிரமாகப் போனேன்.

மூன்று வாரம் கழித்து அச்சன்புதூரிலிருந்து ஒரு அம்மாள் வந்தாள். ஐம்பது வயதிருக்கும். காய்ச்சலில் படுத்து எழுந்தபின் வலது கால் மடங்கவில்லை. நாற்று நட்டுப் பிழைப்பவள், குனிய முடியாமல் போனதால் வீட்டில் முடங்கிவிட்டாள். ஒரு மண்டலம் அருவியில் நின்றால் கால் சரியாகும் என்று நம்பி, குற்றாலத்தில் உறவினர் வீட்டில் வந்து தங்கியிருந்தாள்.

"யாராவது ஒரு கை குடுங்கம்மா. தண்ணிக்குள்ள நிக்க வச்சிட்டாப் போதும்," என்று பாறையடியில் நின்று கேட்டாள்.

படைத் தலைவியான வக்கீல் வீட்டு அம்மாள் குரலைத் தாழ்த்தி, "இவ விழுந்து வச்சா நமக்குல்லா கெட்ட பேரு," என்றாள். அந்த நேரம் பார்த்துத் தாசில்தாரின் மனைவி படியிறங்கி வந்தாள். உடனே தலைவியின் குரல் மாறியது. "வாங்க ஆச்சி, நாங்க எதுக்கு இருக்கோம்," என்று அச்சன்புதூர் அம்மாளிடம் கையை நீட்டினாள்.

அந்தக் கையில் எண்ணெய் வழிந்தது. படையில் எல்லோருமே அப்படித்தான். குற்றாலத்துக்கு வந்து எண்ணெய் தேய்க்காமல் நின்றால் குடும்ப மானம் போய்விடும் என்பது போல, காலையிலேயே தேய்த்துக்கொண்டு, அதன்மேல் வில்லையையும் குத்திக்கொண்டு நிற்பார்கள். வழுக்குகிறவர்களைப் பிடிக்க வந்தவர்கள் கையெல்லாம் நல்லெண்ணெய். இது ஒருத்திக்காவது உறைக்க வேண்டுமே.

பாறையில் இரண்டாவது அடி வைத்ததும் அச்சன்புதூர் அம்மாளின் கை தலைவியின் பிடியிலிருந்து நழுவியது. அவள் பக்கவாட்டில் விழுந்து தண்ணீர் ஓடும் பக்கமாகச் சரிந்தாள். நான் கதம்பையை எறிந்துவிட்டு ஓடி அவள் மணிக்கட்டைப் பிடித்தேன். என் கை முழுக்கச் சாம்பல், அதனால் பிடி நின்றது. அவள் முழங்கால் தோலுரிந்து ரத்தம் வந்தது.

இத்தனை நாள் அடக்கியது எல்லாம் எனக்குப் பொங்கிவிட்டது. தாசில்தார் மனைவி நிற்பதையும் பார்க்காமல் தலைவியிடம் கத்தினேன். "எண்ணெய்க் கையோட ஆளப் பிடிக்க வந்து நிக்கீயளே, உங்களுக்கு அறிவு இருக்கா? மூணு வாரமா இந்தக் கூத்தப் பாத்துக்கிட்டுதான் இருக்கேன்."

தலைவி கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு பின்வாங்கினாள். எனக்கு உள்ளூரக் குளிர்ந்தது.

கீழே உட்கார்ந்திருந்தவள் முழங்காலைப் பொத்திக்கொண்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள். கோபமாகக்கூட இல்லை.

"மூணு வாரமாத் தெரியுமா தாயி? அப்பமே ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லா."

எனக்கு அப்போதே சொல்லத் தோன்றாமல் இல்லை. ஒருநாள் அவர்கள் முகத்தில் கரி பூசப்படட்டும் என்றுதான் வாயை மூடிக்கொண்டிருந்தேன். ரத்தம் நின்றதும் அவள் மறுபடி அருவியைக் காட்டினாள். நான் இரண்டு கையாலும் பிடித்துக் கூட்டிப்போய்த் தண்ணீருக்கடியில் நிறுத்தினேன். அவள் கண்ணை மூடிக்கொண்டு சிரித்தாள். அவள் விழப்போவது தெரிந்தே பேசாமல் இருந்தவள் அந்தப் படையிலேயே நான் ஒருத்திதான்.