மருத மரத்துக்குக் காப்பு

கூமாப்பட்டி ஐயாதுரைக்கு இரண்டு உத்தியோகம். வைகுண்டராஜ் முதலாளியின் மாந்தோப்பில் மலை அணில்களைத் தகரம் தட்டி விரட்டுவது ஒன்று. மதுரையிலிருந்து ஆராய்ச்சிக்கு வந்த கல்லூரி ஆசிரியை தங்கபாய்க்காக, அதே அணில்கள் எங்கே போகின்றன, என்ன தின்கின்றன என்று பார்த்துச் சொல்வது மற்றொன்று. முற்பகலில் விரட்டிய அணிலைப் பிற்பகலில் மரியாதையாகத் தேடிக்கொண்டு போவார். இரண்டு சம்பளத்துக்கும் துரோகம் நினைக்காத மனிதர். இது போக, பங்குனிப் பொங்கலுக்குக் கருப்பசாமி இறங்குவதும் அவர்மேல்தான். அதற்குச் சம்பளம் கிடையாது, வேட்டி உண்டு.

அணில் என்றதும் முதுகில் கோடு போட்ட அணிலை நினைத்துவிட வேண்டாம். இது பூனை அளவு, நரைத்த மயிர், உடம்பைவிட நீள வால். தரையில் கால் வைப்பதைக் கௌரவக் குறைவாக நினைக்கும் பிறவி. மரத்துக்கு மரம் கிளைவழியாகவே போய்விடும்.

மலையடிவாரம் சரணாலயமாகப் போகிறது என்று பேச்சு அடிபட்ட எண்பத்தெட்டாம் வருசப் பங்குனியில், முதலாளி ஓடைக்கரை மருத மரத்தை ராஜபாளையத்து மரக்கடைக்காரர் ஒருவருக்கு விற்றார். மறுநாள் காலையில் வெட்டு. அந்த மரத்து உச்சியில்தான் கூடு. கூட்டில் கண் திறக்காத குட்டி.

“மலைக்கும் தோப்புக்கும் இந்த மரம்தான் பாலம், ஐயாதுரை அண்ணே. இது விழுந்தா அணில் தரையில இறங்கித்தான் ஆகணும். கீழே மொதலாளியோட வெள்ளை நாய் நிக்கி. குட்டிக்கு அடுத்த பௌர்ணமி வரைக்குமாவது கூடு வேணும்” என்றாள் தங்கபாய். வனத்துறை அலுவலகத்துக்குப் போய்க் கேட்டும் வந்திருந்தாள். அணிலைத் தொட்டால் வழக்கு, மரமோ பட்டா நிலத்தில் நிற்கிறது என்றார்கள். அணில் அந்த மரத்தில்தானே இருக்கிறது என்றதற்கு, “அது அணிலோட பிரச்சினைம்மா” என்று தீர்ப்பாகிவிட்டது.

“நான் இருக்க வரைக்கும் அந்த மரத்துல கோடாரி விழாது டீச்சர்” என்றார் ஐயாதுரை. சொன்ன பிறகுதான், எப்படி என்று யோசித்தார். ராத்திரி முழுக்க யோசித்தார். ஒன்றும் தோன்றவில்லை.

விடிந்ததும் வெட்டுகாரர்கள் வந்துவிட்டார்கள். முதலாளியும் நாயும் வந்தார்கள். வேடிக்கைக்கு ஊரும் வந்தது. ஐயாதுரையின் மனைவி வெள்ளைத்தாய் முன்வரிசையில் நின்றாள். பெரிய மரமென்றால் சூடம் காட்டி, தேங்காய் உடைத்து, மரத்திடம் உத்தரவு கேட்ட பிறகே வெட்டுவார்கள். கொலைக்கு முன் குசலம் விசாரிப்பது நம் பண்பாடு. சூடம் எரிந்தது. உச்சியில் தாய் அணில் எட்டிப் பார்த்தது.

ஐயாதுரைக்கு அப்போதுதான் வழி புலப்பட்டது. ஊரில் காப்புக் கட்டிவிட்டால், அவிழ்க்கும் வரை பச்சை மரத்தில் கோடாரி படக் கூடாது. காப்புக் கட்டச் சொல்ல வேண்டியது கருப்பசாமி. கருப்பசாமி வர வேண்டியது தன்மேல். கண்ணை மூடிக் காத்திருந்தார். சாமி வரவில்லை. சாமிக்கு வேறு ஊரில் வேலை போலிருக்கிறது. கோடாரி உயர்ந்தது.

“ஏலே!”

சத்தத்தில் நாயே இரண்டடி பின்வாங்கியது. ஐயாதுரை ஆடினார்.

“ஏலே வைகுண்டம்! எவன் மரத்துலலே கோடாரி வைக்க? இப்பவே காப்புக் கட்டு! அடுத்த பௌர்ணமி வரைக்கும் அவுக்கப்படாது!”

முதலாளியை ‘ஏலே’ என்றது வாழ்நாளில் முதல்முறை. பயத்துக்கு நடுவிலும் அது இனித்தது. கூட்டத்தில் முணுமுணுப்பு எழுந்தது. வழக்கமாகக் காப்பு எட்டு நாள். பௌர்ணமி வரை என்றால் அதுவரை ஊரில் கறி வேகாது. வெளியூரில் யாரும் ராத்தங்க முடியாது. அணிலுக்காக ஆட்டையும் காப்பாற்றிவிட்டார்.

முதலாளி பதறவில்லை. “சாமி சொன்னாச் சரி. ஆனா வந்திருக்கது சாமிதானான்னு தெரியணும்லா? உள்ளங்கையில சூடத்த ஏந்தட்டும்.”

நிஜமாகச் சாமி வந்தால் சுடாது. பொய்யென்றால் கையை உதறுவார். மரம் விழும், குட்டி சாகும், கோயில் வேட்டி பங்காளி வீட்டுக்குப் போய்விடும்.

கையை நீட்டினார். கட்டிச் சூடத்தை வைத்துப் பற்றவைத்தார்கள். சுட்டது. எம்புட்டுச் சுட்டது என்று அலறக்கூட உரிமையில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்தால், எதிரே வெள்ளைத்தாய் அவர் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அருள் வந்தால் அவருக்கு முதலில் இடது கால்தான் நடுங்கும். அது அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். இன்று ஆடுவது வலது கால்.

அவள் தலை நிமிர்ந்து மரத்து உச்சியைப் பார்த்தாள். அவர் கையைப் பார்த்தாள். அவள் வாயைத் திறந்தபோது ஐயாதுரையின் உயிர் பாதி போய்விட்டது.

குலவை போட்டாள்.

அடுத்த நொடி ஊர்ப் பெண்கள் அத்தனை பேரும் குலவையிட்டார்கள். வெட்டுகாரர்களில் மூத்தவர் கோடாரியைக் கீழே போட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். மரத்துக்கு மஞ்சள் துணி ஏறியது.

வீட்டில் தங்கபாய் தீப்புண்ணுக்குப் பர்னால் களிம்பு தடவிக்கொண்டிருக்கையில் வெள்ளைத்தாய் கேட்டாள்: “ஏன்யா, இன்னைக்கு வந்த சாமிக்கு வலது காலோ?”

“அது வேற சாமிட்டி.”

“வால் உண்டோ அதுக்கு?”

அவர் உள்ளங்கையை ஊதிக்கொண்டார். வலி.

கறியில்லாத ஊர், கோபத்தையெல்லாம் காவலாக மாற்றியது. இவ்வளவு பட்டினி கிடந்து காக்கும் மரத்தை எவனாவது தொட்டுவிடுவானா என்று பெண்கள் முறை போட்டு உட்கார்ந்தார்கள். காப்புக் காலத்தில் ஓடைப்பக்கம் நாய் அலையக் கூடாதென்று புதிதாக ஒரு விதியும் செய்தார்கள். முதலாளியின் நாய் சங்கிலிக்குப் போனது. தங்கபாய் கீழே உட்கார்ந்து, குட்டி கண் திறந்ததையும் தாய் தழை கொண்டுவந்து கூட்டைச் செப்பனிட்டதையும் பார்த்துச் சொல்வாள். பொழுது போகாத பெண்கள், அணிலின் குடும்ப விவகாரத்தில் நிபுணர்களானார்கள்.

பௌர்ணமிக்குக் காப்பு அவிழ்ந்தது. குட்டி தாயின் பின்னால் கிளை தாவி மாந்தோப்புக்குப் போய், முதலாளியின் காயொன்றைக் கடித்துத் துப்பியது. ஐயாதுரை கடமை தவறாமல் தகரம் தட்டினார், இடது கையால். சாமி இறங்கிப் பேசிய மரத்தை வெட்ட அந்த வட்டாரத்தில் ஆள் கிடைக்கவில்லை.

மறு பங்குனி. காப்புக் கட்ட ஊரே மருத மரத்தடியில் கூடியது. கூட்டைப் பிரித்துப் பார்த்ததுபோல் பெண்கள் பேசிக்கொண்டார்கள்: இந்த வருசமும் குட்டி உண்டு. கூட்டத்தை விலக்கிக்கொண்டு வைகுண்டராஜ் முதலாளி வந்தார், கையில் ஒரு பொட்டலம்.

“ஐயாதுரை, போன வருசம் சூடம் சின்னதாப் போச்சுன்னு எனக்கு மனசு கேக்கல. இந்தத் தடவ நானே பாத்துப் பெருசா வாங்கியாந்தேன்” என்றார், முகத்தில் சிரிப்பே இல்லாமல்.

ஐயாதுரை உச்சியை நிமிர்ந்து பார்த்தார். நரைத்த முகம் ஒன்று எட்டிப் பார்த்தது. தழும்பில்லாத கையை நீட்டினார்.

வெள்ளைத்தாய் இந்தத் தடவை காலைப் பார்க்கவில்லை. நேரே குலவை போட்டாள்.